அம்மாயியின் கணக்கு

மாக்சிம் கார்க்கியின் குழந்தைப் பருவ வரலாற்றைப் படித்தவர்கள், அதில் வரும் பாட்டியை எளிதில் மறந்துவிட மாட்டார்கள். தந்தையை இழந்து, அடியும் வசையும் நிறைந்த பாட்டனார் வீட்டுக்கு வந்து சேர்ந்த சிறுவனுக்குக் கதையும் பாட்டும் பரிவும் தந்து, அவனுக்குள் இருந்த மனிதனை அணையாமற் காத்தவள் அவள். அந்நூலைப் பல்கலைக்கழக விடுதியில் ஓரிரவு விழித்திருந்து படித்து முடித்தபோது, இயல்பாகவே என் அம்மாயியை நினைத்தேன். நினைத்ததும் சிறிது ஏமாற்றம் உண்டாயிற்று. என் அம்மாயிக்குக் கதை சொல்ல வராது. பாட்டும் வராது. மடியிற் கிடத்தித் தலையைக் கோதிய நினைவுகூட எனக்கு அதிகம் இல்லை. அவளுக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது கணக்கு.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்குக் கணக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். அதைச் சொல்லவே இக்கட்டுரை. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நிலைத்து நிற்பது அவள் அன்பு மட்டுமன்று, அவள் கணக்கும்தான். அந்தக் கணக்கில் அவள் ஒருமுறை பெரிதாகத் தவறினாள். அதனையும் மறைக்காமற் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரத்தினபுரிக்கும் காவத்தைக்கும் இடையில் உள்ள ஒரு றப்பர்த் தோட்டத்திற்கு அம்மாயி வாழ்க்கைப்பட்டு வந்தாள். மலையகம் என்றதும் பலருக்கு நுவரெலியாவின் பனியும் தேயிலைச் சரிவும் கொழுந்துக் கூடையுமே கண்முன் வருகின்றன. சப்ரகமுவா வேறு உலகம். இங்கே தேயிலையும் உண்டு. ஆனால் பள்ளத்தாக்குகளை மூடி நிற்பது றப்பர். தோட்டத்தின் எல்லை முடியும் இடத்தில் சிங்களக் கிராமத்தின் வயலும் தென்னையும் தொடங்கிவிடும். வெயிலும் கடுமை, மழையும் கடுமை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இந்த மழைதான் பால்வெட்டும் தொழிலாளியின் பகைவன்.

பால்வெட்டு விடியுமுன் தொடங்கும் தொழில். பிரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் நுழைந்தால் ஒருவருக்கு ஏறத்தாழ முந்நூறு மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் பழைய வெட்டின் ஓரமாக நூலளவு பட்டையைச் சீவ வேண்டும். கத்தி மேலோடு போனால் பால் சுரக்காது. ஆழப் போனால் மரம் காயப்படும், ஏச்சும் கிடைக்கும். வெயில் ஏறுமுன் வெட்டி முடித்தால்தான் பால் நன்றாக வடியும். பிறகு அதே முந்நூறு மரங்களுக்கும் திரும்பி நடந்து, சிரட்டையிற் சேர்ந்த பாலை வாளியில் வழித்தெடுத்து, பால் நிறுக்கும் இடத்துக்குச் சுமந்து போக வேண்டும். குறித்த அளவு பால் இருந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். இரவு மழையில் மரம் நனைந்திருந்தால் வெட்டே இல்லை. ஆகவே, மாதத்தில் எத்தனை நாள் வேலை செய்தோம், எத்தனை நாளுக்குச் சம்பளம் என்பது றப்பர்த் தொழிலாளிக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு வழக்கு. அந்த வழக்கில் சாட்சி கணக்கப்பிள்ளையின் செக்றோல் புத்தகம் ஒன்றே. அதைப் படிக்கத் தெரிந்தவர் எவரும் லயத்தில் இல்லை.

அம்மாயி தன் காம்பராவின் அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் கோடு கிழித்தாள். முழுப்பேருக்கு நெடுங்கோடு, அரைப்பேருக்குக் குறுங்கோடு, மழைக்கு ஒரு புள்ளி. மாத முடிவில் அடியில் ஒரு கிடைக்கோடு. அடுத்த மாதம் அதன் கீழே தொடங்கும். இவ்வளவே அவளுடைய எழுத்து.

1960களின் இறுதியில் நடந்த ஒன்றை அம்மா அடிக்கடி சொல்வாள். அப்போது அம்மா சிறு குழந்தை. லயத்துப் பெண்கள் பிற்காலத்திற் பேசக் கேட்டே அவள் அறிந்தாள். ஒரு சம்பள நாளில் அம்மாயிக்குப் பத்தொன்பது பேர் என்று பணம் கொடுத்தார்கள். சுவரில் இருபத்திரண்டு கோடுகள் இருந்தன. அம்மாயி மேசையை விட்டு நகரவில்லை.

"ஐயா, எனக்கு மூணு பேரு கொறையுது."

"ஒனக்கு எழுதத் தெரியுமா?"

"தெரியாதுங்க. செவுத்துல கோடு போட்டு வச்சிருக்கேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். செவுத்தைத் தூக்கிக்கொண்டு வா, பார்க்கலாம் என்றாராம் கணக்கப்பிள்ளை. அம்மாயியும் திரும்பி வந்துவிட்டாள். ஆனால் அன்றிரவு அவள் தூங்கவில்லை. மறுநாள், தன்னோடு ஒரே காட்டில் பால் வெட்டும் மூன்று பெண்களின் காம்பராக்களுக்குக் கரித்துண்டோடு போனாள். எப்படிக் கோடு போடுவது என்று காட்டிக் கொடுத்தாள்.

அடுத்த சம்பள நாளில் நான்கு பெண்கள் ஒன்றாக மேசைக்கு முன் நின்றார்கள். நான்கு சுவர்களிலும் மழைப்புள்ளி ஒரே நாட்களில் விழுந்திருந்தது. ஒரே காட்டில் வெட்டுகிறவர்களுக்கு மழை நாள் எல்லோருக்கும் மழை நாளே அல்லவா? செக்றோலிலோ ஒருத்திக்கு மழை பெய்த நாளில் இன்னொருத்திக்கு வெயில் அடித்திருந்தது! இதைக் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. அம்மாத விடுபட்ட பேர்களும், அம்மாயியின் பழைய மூன்று பேரும், "முன்மாதப் பாக்கி" என்று சேர்க்கப்பட்டன.

இந்நிகழ்ச்சியை நான் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு சுவர் பேசினால் அது ஒரு பெண்ணின் பிதற்றல். நான்கு சுவர்கள் ஒரே சொல்லைச் சொன்னால் அது சான்று. தொழிற்சங்கம் என்பதன் இலக்கணத்தை நான் பிற்காலத்தில் நூல்களிற் படித்தேன். அம்மாயி அதைக் கரித்துண்டால் எழுதியிருந்தாள். அதன்பின் அவள் சங்கத்தில் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாம் மாதமே, "நம்ம சந்தாக் காசுக்கு யாரு கணக்குச் சொல்றது?" என்று தோட்டத் தலைவரிடம் கேட்டாளாம். கணக்கு என்பது எதிரியிடம் மட்டும் கேட்பதன்று. நம்மவரிடமும் கேட்பது என்ற பாடம் அதில் இருக்கிறது. நம் இயக்கங்கள் இப்பாடத்தை இன்னும் முழுதாகக் கற்றுவிட்டதாகச் சொல்ல முடியாது.

அவள் இப்படி ஆனது எவ்வாறு? பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவள் பிறந்தது 1938இல், கேகாலை மாவட்டத்தில். எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது, உந்துகொடைக்கு அருகே நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, அதனை நிலமற்ற கிராம மக்களுக்குப் பிரித்துக் கொடுக்க முனைந்தது. நிலமற்றவர்க்கு நிலம் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் அந்நிலத்தை வெட்டித் திருத்தி உழைத்த தொழிலாளர் குடும்பங்களை, லயத்தை விட்டு வெளியேறுங்கள் என்றார்கள். அவர்கள் மறுத்தார்கள். 1946இல் அவர்களுக்காகக் கேகாலைப் பகுதித் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. அவ்வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்த அம்மாயியின் தகப்பனாரும் அவ்வேலைநிறுத்தத்தில் நின்றவர். "எத்தனை வருசம் இருந்தோம், எத்தனை மரம் வச்சோம்னு ஒரு சீட்டும் நம்ம கையில இல்ல. அதுனாலதான் போ'ன்னு சொல்ல முடிஞ்சுது" என்று அவர் சொன்னதை அம்மாயி வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டே ஆண்டுகளில் அவர் சொன்னது முழு மக்களுக்கும் நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்களைக் கணக்கிலிருந்து நீக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர் என்று எங்களை மதிப்பிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கி வைத்தார்கள். பத்தாண்டுகளின் பின், 1974இல், அவர்களையும் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அரிசி மூட்டையைப் பிரிப்பதுபோல மனிதரைப் பிரித்த இக்கணக்கில் எந்த மனிதரையும் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மாயியின் அண்ணன் குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது. 1972இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் குடியேறினார்கள். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது, பிறகு தீபாவளிக்கு ஒன்று, பிறகு இல்லை. அம்மாயி இலங்கைக்கே எழுதிக் கொடுத்திருந்தாள். ஏன் என்று நான் கேட்டிருக்கிறேன். "நா வெட்டுன மரமெல்லாம் இங்கதானே இருக்கு?" என்றாள். அது நாட்டுப்பற்று என்று மேடையில் முழங்கும் பொருளன்று. ஒரு தொழிலாளியின் வரவு செலவு. ஆனால் அதைவிட நியாயமான குடியுரிமை வாதம் எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது?

எங்களைக் கணக்கிட்டவர்கள் பலர். துரை கணக்கிட்டார்; இரண்டு அரசாங்கங்கள் கணக்கிட்டன. எங்கள் கணக்கை நாங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் வீட்டிற் சொன்னவள் அவள் ஒருத்தியே.

இனி, அவள் தவறிய இடத்தைச் சொல்கிறேன்.

1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தைத் தோட்டத்து மக்கள் இன்றும் ஒரு நோயைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுவார்கள். கூப்பன் அரிசி குறைந்தது. மாவும் பாணும் வரிசையில் நின்றாலும் கிடைக்கவில்லை. கிராமத்தவர்க்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்துக்கு முன்னால் வாசல் மட்டுமே இருந்தது. தோட்டங்களில் மரணம் பெருகியது. அந்த ஆண்டில் என் அம்மாவுக்குப் பதினொரு வயது. தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு. வாசிப்பில் அவளே முதல். கைக்குழந்தையாக ஒரு தம்பி. வேலை நாட்கள் குறைந்து போனதால், வேலையில்லாத நாட்களில் அம்மாயி கிழங்கும் கீரையும் தேடிக் காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தம்பியை யார் பார்ப்பது?

"ஒரு வருசந்தான். அப்புறம் போலாம்" என்றாள் அம்மாயி. அம்மா புத்தகத்தைத் தகரப் பெட்டிக்கு மேல் வைத்தாள். அந்த ஒரு வருடம் முடியவே இல்லை. அடுத்த ஆண்டு தம்பிக்கு நோய். அதற்கடுத்த ஆண்டு தாத்தாவுக்குக் கால் முறிந்தது. பதினைந்து வயதில் அம்மாவுக்கும் தோட்டத்திற் பேர் பதிந்தார்கள். பால் நிறுக்கும் இடத்தில் ஒரு இறாத்தல் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும் அம்மாயி, இந்தக் கணக்கை எந்தச் சுவரிலும் எழுதவில்லை.

பஞ்சத்தைக் காரணம் சொல்லலாம். அது பொய்யும் அன்று. ஆனால் வீட்டில் அம்மாவுக்கு மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். அவருடைய பள்ளிக்கூடம் நிற்கவில்லை. துரைத்தனத்தின் கணக்கில் இருந்த பொய்யைக் கண்டுபிடித்த கண்களுக்கு, வீட்டுக்குள் பெண்ணின் பேரில் விழுந்த அரைப்பேர் தெரியவில்லை. நம் பாட்டிமாரைப் பற்றி எழுதும்போது அவர்களுடைய பொறுமையையும் தியாகத்தையும் பாராட்டி நிறுத்திவிடுகிறோம். அந்தத் தியாகத்தில் ஒரு பங்கு அவர்களுடைய பெண்மக்களின் கையிலிருந்து பிடுங்கப்பட்டது என்பதைச் சொல்லத் தயங்குகிறோம். என் அம்மாவின் மகளாக இருந்துகொண்டு நான் அப்படித் தயங்க முடியாது.

1977இலும் 1981இலும் 1983இலும் சப்ரகமுவாத் தோட்டங்களின்மேல் இனவெறி பாய்ந்தது. 1981 ஆகஸ்டில் எங்கள் லயம் எரிந்தது. அம்மாயி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு றப்பர்க் காட்டுக்குள் ஓடினாள். கையில் எடுத்தது தகரப் பெட்டி ஒன்றே. அதற்குள் பிறப்புச் சீட்டுகளும் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்த கடதாசிகளும் இருந்தன. கரிக்கோடு போட்ட சுவர் தானே கரியாகிப் போயிற்று. பின்னர் ஒரு பாடசாலை மண்டபத்தில் பல குடும்பங்களோடு தங்கியிருந்தார்கள்.

அங்கே நான்காம் நாள் ஒரு பெண் வந்தாள். பக்கத்துக் கிராமத்திலிருந்து தோட்டத்துக்கு நாட்சம்பளத்திற்கு வரும் சிங்களப் பெண். அம்மாயியோடு பால் வெட்டியவள். அம்மாயி அவளை "நங்கி" என்று அழைப்பாள். அந்த நான்கு சுவர்க் கணக்கைக் கேள்விப்பட்டுத் தன் வீட்டுச் சுவரிலும் கோடு போடத் தொடங்கியவள். சேலைத் தலைப்பில் இரண்டு கொத்து அரிசி முடிந்து கொண்டுவந்திருந்தாள். உதவி என்று அவள் சொல்லவில்லை. "அக்கே, போன மாதம் வாங்கின அரிசி" என்று சிங்களத்திற் சொன்னாள். அம்மாயியும், பாவம் இந்தக் காலத்தில் ஏன் என்று மறுக்கவில்லை. வாங்கி அளந்து பார்த்து, "சரியா இருக்கு" என்றாள். பிறகே இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்களாம்.

பதினெட்டு வயதில் இதை நேரிற் பார்த்த அம்மா, இப்போது சொல்லும்போதும் அந்த "சரியா இருக்கு" என்ற சொல்லில் ஒருகணம் நிற்பாள். ஊரே எரியும்போது கடனைத் திருப்பித் தந்தவள், நீ அகதியல்ல, என்னோடு கொடுக்கல் வாங்கல் உள்ள மனுசி என்று சொல்லிவிட்டாள். தருமம் வாங்குகிறவர்க்கும் கடன் வாங்குகிறவர்க்கும் உள்ள வேறுபாடு இதுதான். இன ஒற்றுமையைப் பற்றி நாம் தீர்மானங்கள் நிறைவேற்றுகிறோம், அவை வேண்டும். ஆனால் ஒரே காட்டில் பால் வெட்டிய இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் நாணயமாக இருந்ததே அந்தத் தீர்மானங்களுக்கு அடித்தளம் என்பதை மறக்கலாகாது.

1984இல் பெருந்தோட்டங்களில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம சம்பளம் வந்தது. லயமெல்லாம் மகிழ்ந்தபோது அம்மாயி கேட்டாளாம்: "அப்ப நேத்து வரைக்கும் நான் வெட்டுனது பொம்பள மரமா?" பின்னர் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குடியுரிமையும் கிடைத்தது. 1994ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், தன் ஐம்பத்தாறாவது வயதில், முதன்முறையாக வாக்களித்தாள். ஆறு வயதுச் சிறுமியான நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாக்குச்சாவடி வாசல் வரை போனேன். வெளியே வந்ததும் விரலில் இட்டிருந்த மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எத்தன நாளைக்கு இருக்கும்?" என்று என்னைக் கேட்டாள். அது மறையும் வரை நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் 2004இல் சாதாரண தரப் பரீட்சை எழுதினேன். பெறுபேறு நன்றாகவே வந்தது. உயர்தர வகுப்புள்ள தமிழ்ப் பாடசாலை எங்கள் தோட்டத்துக்கு எட்டிய தூரத்தில் இல்லை. சப்ரகமுவாத் தமிழ்ப் பிள்ளைகளின் பழைய துன்பம் இது. அங்கங்கே சிதறிக் கிடக்கிறோம். தூரத்துப் பாடசாலையில் விடுதிக்குக் கட்டணம் வேண்டும். அப்பா கெட்டவர் அல்லர். கொழும்புப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டால் இரண்டு வருடத்தில் ஒரு தோடு வாங்கலாம் என்று கணக்குப் போட்டார். பேச்சு முடிந்துபோன நிலையில், மூலையில் இருந்த அம்மாயி தகரப் பெட்டியைத் திறந்தாள். ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதியில் செலவழிக்காமல் வைத்திருந்த பணம் அதில் இருந்தது. சாவுச் செலவுக்கு என்று வைத்திருந்த பணம். அதை எடுத்து அம்மாவின் முன் வைத்தாள். என் முன் வைக்கவில்லை.

"ஒன்னோட பாக்கி எங்கிட்ட இருக்கு. முப்பது வருசமா இருக்கு. இந்தா" என்றாள்.

அவள் எந்தச் சுவரிலும் எழுதாமல் வைத்திருந்த கணக்கு அன்று வெளியே வந்தது. அப்பா அதற்குமேல் பேசவில்லை. நான் உயர்தரம் படித்தேன், தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றேன், ஆசிரியை ஆனேன். என் முதற் சம்பளச் சீட்டை அம்மாயியின் கையிற் கொடுத்தபோது, அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எல்லா நாளுக்கும் பேர் போட்டிருக்கானா?" என்று கேட்டாள்.

2016இல் அவள் இறந்தாள். சாவுச் செலவுக்கு நானும் அம்மாவும் கடன் வாங்கினோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அம்மாயி எவ்வளவு பெரியவள் என்று நான் கண்ணீரோடு பேசிக்கொண்டிருந்தேன். எனக்காகச் செய்ததை எல்லாம் அடுக்கினேன். அம்மா அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"ஆமா. எனக்குத் தரவேண்டியத ஒனக்குத் தந்து கணக்க முடிச்சுட்டாங்க. ஒன் புஸ்தகம் வந்துருச்சு. எம் புஸ்தகம் வரல்ல."

அதில் கோபம் இல்லை. தாயை வெறுக்கும் பெண்ணும் அல்லள் அம்மா. இறுதி மூன்று ஆண்டுகள் அம்மாயியைக் குழந்தைபோல் வைத்துப் பார்த்தவள். ஆனால் கணக்கு கணக்குத்தான். அம்மாயி அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தானே? ஒருத்திக்குப் பட்ட கடனை இன்னொருத்தியிடம் செலுத்தினால் அது தீர்ந்துவிடுமா? தலைமுறை தலைமுறையாக நாம் இப்படித்தான் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். நான் படிக்காவிட்டாலும் என் பிள்ளை படித்தது. நான் பட்ட கஷ்டத்தை என் பிள்ளை படவில்லை. அந்த ஆறுதலில் உண்மை உண்டு. ஆயினும், இழந்தவள் இழந்தவளாகவே இருக்கிறாள். முன்னேற்றம் என்று நாம் எழுதும் பெருங்கணக்கில் அவள் பேர் விடுபட்டுப் போகிறது.

பாட்டியின் செல்வாக்கு என்று எதைச் சொல்கிறோம்? மூக்கும் முழியும் வழிவழி வருவதுபோல நற்குணமும் இரத்தத்தில் வருகிறது என்று சிலர் நம்புகிறார்கள். எங்கள் வீட்டில் வந்தது இரத்தத்தால் அன்று. இழந்த லயமும், பறிபோன வாக்கும், குறைத்து எழுதிய பேரும் சேர்ந்து ஒரு பெண்ணுக்குக் கரித்துண்டை எடுக்கக் கற்றுக்கொடுத்தன. அவளைப் பார்த்து அவள் மகள் கற்றாள். மகள் கேட்ட கேள்வியால் நான் கற்றேன். அம்மாயி எங்களுக்கு விட்டுச்சென்றது அவளைக் கும்பிடும் பழக்கத்தை அன்று. அவளிடமே கணக்குக் கேட்கும் துணிவை. நல்ல ஆசிரியருக்கு இதைவிட மேலான அடையாளம் உண்டா?

நான் கற்பிக்கும் வகுப்பின் இடாப்பில், தோட்டத்திலிருந்து வரும் பெண்பிள்ளைகளின் பேருக்கு எதிரே வரவில்லை என்ற குறி தொடர்ந்து விழத் தொடங்கினால் எனக்கு அந்தப் பதினொரு வயதுச் சிறுமியின் நினைவு வந்துவிடும். மூன்று நாளைக்கு மேல் போனால் லயத்துக்குப் போய்க் கேட்கிறேன். சில வேளை பிள்ளை திரும்பி வருகிறாள். சில வேளை "இந்த ஒரு மாசந்தான் டீச்சர்" என்கிறார்கள். அந்தச் சொல்லை நான் நன்கு அறிவேன். எந்தத் தேதியிலிருந்து ஒரு மாதம் என்று கேட்டு, அவர்கள் கண்முன்னேயே குறித்துக்கொண்டு வருகிறேன்.

அம்மாவின் கேள்விக்கு என்ன பதில் என்று நீண்ட நாள் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாம் வகுப்புத் தமிழ் வாசகப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். கூச்சத்தால் முதலிற் சிரித்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். இப்போது பத்திரிகையை மெதுவாக, வாய்விட்டு, தானே வாசிக்கிறாள். ஐம்பது ஆண்டு கடந்து வந்த புத்தகம் பழைய கடனைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

அவள் வீட்டுச் சுவரில் நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. நான் பாடம் சொல்லிக்கொடுக்க வரும் ஞாயிறுகளில் அதில் பென்சிலால் ஒரு கோடு கிழிக்கிறாள். சென்ற மாதம் விடைத்தாள் திருத்தும் வேலையைக் காரணம் சொல்லி ஒரு வாரம் போகாமல் இருந்துவிட்டேன். அடுத்த முறை போனபோது அம்மா நாட்காட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு பாக்கி" என்றாள்.